கேற்றைத் தாண்டினால் காது கேட்காத நாய்

பாண்டிருப்பில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "எங்கட டைகருக்குப் பத்து மாதம். வீட்டுக்குள்ள 'இரு' என்றால் இருப்பான், கை தருவான், கூப்பிட்டால் ஓடி வருவான். கேற்றைத் திறந்து ஒழுங்கையில இறங்கினால் நான் யாரோ அவன் யாரோ. மீன்காரர்ட பைக்குக்குப் பின்னால ஓடுறான், ஆட்டைக் கண்டால் கயிற்றோட என்னையும் இழுக்கிறான், பாண் விக்கிற ஓட்டோவிட பாட்டுக் கேட்டால் ஊளையிட்டுக்கொண்டு பாயுறான். பிஸ்கற்றை மூக்குக்கு முன்னால நீட்டினாலும் திரும்பிப் பார்க்கிறான் இல்லை. இரண்டு அடி போட்டால் சரிவரும், லஞ்சம் குடுத்தா நாய் வளர்க்கிறது என்று வீட்டுக்காரர் ஏசுறார். கோவில் திருவிழாவும் வருது. என்ன செய்யலாம்? கிளிக்கர் என்று ஒரு சாமான் வாங்கவேணுமா?"

முதலில், டைகர் உங்களிடம் அடம் பிடிக்கவில்லை. ஒழுங்கையில் 'இரு' என்றால் என்ன என்று அவனுக்கு இன்னும் தெரியாது. நம்பமுடியாவிட்டால் இன்றைக்கே குசினியில் சோதித்துப் பாருங்கள். வழமையாக அவனுக்கு முன்னால் நின்று, கையைக் கொஞ்சம் உயர்த்தித்தானே சொல்வீர்கள்? இன்றைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையை அசைக்காமல், அதே சொல்லை அதே குரலில் சொல்லுங்கள். பிறகு நிலத்தில் படுத்துக்கொண்டு சொல்லுங்கள். பெரும்பாலான நாய்கள் முழிக்கும். அவன் படித்தது அந்தச் சொல்லை மட்டும் அல்ல. குசினி, உங்கள் முகம், உயர்ந்த கை, பிஸ்கற் பேணியின் சத்தம் எல்லாம் சேர்ந்த ஒரு காட்சியைப் படித்திருக்கிறான். அதில் பாதியைக் கழித்துவிட்டு ஆட்டையும் மீன் வாடையையும் சேர்த்தால் அவனுக்கு அது புதுப் பாடம். ஓர் இடத்தில் படித்ததை இன்னோர் இடத்துக்கு எடுத்துப்போவதில் நாய்கள் கெட்டிக்காரர் அல்ல. இடம் மாறும்போதெல்லாம் அடியில் இருந்து சொல்லிக்கொடுக்கவேண்டும். ஒவ்வோர் இடத்திலும் முந்தின இடத்தைவிடக் கெதியாகப் பிடித்துக்கொள்வான் என்பதுதான் ஆறுதல்.

வயதும் சேர்ந்து விளையாடுகிறது. வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்படும் குட்டிகளை வைத்து நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. 5 மாதத்தில் வளர்ப்பவர் 'இரு' என்றால் இருந்த குட்டிகள் 8 மாதத்தில் அதே ஆளின் சொல்லைக் கேட்பது குறைந்திருந்தது. அதே வயதில் அந்நியர் சொன்னபோது அந்தச் சரிவு தெரியவில்லை. பிள்ளைகள் பதின்ம வயதில் அடுத்த வீட்டு மாமியிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வீட்டில் முகத்தைத் தூக்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு வயதை எட்டும்போது அந்தக் குட்டிகள் மீண்டும் வழிக்கு வந்தன. நம்முடைய ஊர்களில் சரியாக இந்த வயதில்தான் "இவன் திருந்தமாட்டான்" என்று சங்கிலியில் மாட்டி மாமரத்தடியில் கட்டிவிடுகிறார்கள். நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கும் நாய் ஒழுங்கைக்கு இறங்கும் அந்த அரை மணித்தியாலத்தில் முழு உலகத்தையும் ஒரே மூச்சில் பார்த்துவிட அவதிப்படும். டைகரும் அப்படிக் கட்டிக்கிடப்பவன் என்றால், கீழே சொல்லப்போவது எதுவும் பாதிக்கு மேல் வேலை செய்யாது. முதலில் சங்கிலியைக் கழற்றி வளவுக்குள் ஓடவிடுங்கள். வேலியில் ஓட்டை இருந்தால் அதை அடைப்பதுதான் முதல் பயிற்சி.

பிஸ்கற் கதைக்கு வருவோம். அவன் அதை மணந்துகூடப் பார்க்காதது திமிரால் அல்ல. உடம்பு முழுக்கப் பரபரப்பு ஏறிவிட்டால் பசி அடங்கிப்போகும். அந்த நிலையில் புதிதாக எதையும் படிக்கவும் முடியாது. ஆகவே தின்ன மறுப்பதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் ஆட்டுக்கு மிகக் கிட்டப் போய்விட்டீர்கள். நீட்டும் தீனியை உங்கள் விரலோடு சேர்த்துக் கவ்வுகிறானா, அப்படியென்றால் எல்லைக்குக் கிட்ட நிற்கிறான். மெதுவாக வாங்கித் தின்றுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, அந்தத் தூரத்தில் பாடம் நடத்தலாம். வாய் மூடி, காது முன்னுக்கு நிமிர்ந்து, பாரம் முன்னங்காலுக்கு வந்து, உடம்பு விறைத்துவிட்டால் கூப்பிட்டுப் பயன் இல்லை. சத்தம் போடாமல் அவனையும் கூட்டிக்கொண்டு திரும்பி நடவுங்கள்.

எல்லாவற்றையும்விடத் தூரம்தான் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். ஆட்டை இல்லாமல் செய்ய உங்களால் முடியாது, ஆட்டுக்கு எவ்வளவு எட்ட நிற்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். ஒழுங்கை ஒடுக்கம், எங்கே எட்டப் போவது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் முதல் வாரங்களில் ஒழுங்கையில் இறங்கவே வேண்டாம் என்கிறேன். உங்கள் சொந்த வளவின் பின்மூலையில் இருந்து தொடங்குங்கள். கேற் பூட்டியிருக்கட்டும், வெளியில் ஆட்கள் போய் வரட்டும். அங்கே பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவையாவது வருகிறான் என்றால் முற்றத்தின் நடுவுக்கு, பிறகு கேற்றடிக்கு, பிறகு கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு கயிற்றோடு. அதற்குப் பிறகு ஆள் குறைந்த இடங்கள்: பள்ளிக்கூடம் விட்ட பின் அதன் மதிலோரம், வெறும் வளவு, விடியக்காலைக் கடற்கரை. சந்தை வீதி கடைசியிலும் கடைசி.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலை எட்டு மணிக்கே தார் ரோடு சுடும். புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள், ஐந்தாறு செக்கன் பொறுக்கமுடியாவிட்டால் அவன் பாதத்துக்கும் ஆகாது. நாய் பெரும்பாலும் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. இரைக்கிற நாய்க்குப் பாடம் ஏறாது. விடியப்புறமும் பொழுது பட்ட பிறகும் ஐந்தைந்து நிமிடம் காணும்.

இனிக் கூலி. உங்கள் கணவர் லஞ்சம் என்கிறார். சாப்பாட்டைக் காட்டிக் கூப்பிட்டால் அவர் சொல்வது சரி, அது லஞ்சம்தான். நாயும் கெதியாகக் கணக்குப் படித்துவிடும்: கையில் ஒன்றும் இல்லையா, போகத் தேவையில்லை. ஆனால் கையைக் காட்டாமல் கூப்பிட்டு, அவன் வந்த பிறகு எங்கிருந்தோ எடுத்துக் கொடுப்பது கூலி. கூலி வேலைக்கு ஏற்றபடி இருக்கவேண்டும். வெட்டு மெஷின் வருவதற்கு முந்தி பெரும்போகம் வெட்டும் காலத்தில் ஒவ்வொரு போடியாரும், அதாவது வயல் சொந்தக்காரரும், ஆள் தேடுவார், வழமையான கூலிக்கு ஒருவரும் வரமாட்டார்கள். டைகரை ஒழுங்கையில் ஆடும் கூப்பிடுகிறது, மீனும் கூப்பிடுகிறது, நாலு கட்டாக்காலி நாய்களின் மூத்திர வாசமும் கூப்பிடுகிறது. நீங்கள் ஒரு மாரி பிஸ்கற்றை நீட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்.

வீட்டுக்குள் பிஸ்கற்றும் பாணும் போதும். வெளியில் கோழி ஈரலை உப்பு, வெங்காயம் இல்லாமல் அவித்து, கடலைப் பருப்பு அளவுக்கு வெட்டி எடுத்துப் போங்கள். சூடை மீனை அவித்து முள் எடுத்துப் பிசைந்து உருட்டலாம், உங்கள் பக்கத்தில் அதுதான் மலிவு. அவித்த முட்டையும் நல்லது. கருவாட்டை விரும்பித் தின்பான், உப்பு அதிகம் என்பதால் நான் கொடுப்பதில்லை. துண்டு சின்னதாக இருப்பது முக்கியம். எத்தனை தடவை கிடைத்தது என்பதுதான் அவனுக்குப் பெரிது, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது என்று அவன் அளப்பதில்லை. ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த வகையில் போகக்கூடாது. ஈரல் தினமும் நிறையக் கொடுக்கும் சாமான் அல்ல, நம்முடைய வெக்கையில் ஒரு மணித்தியாலத்தில் மணக்கவும் தொடங்கிவிடும், எனவே தேவையான அளவே எடுத்துப் போங்கள். சொக்கலேற், முந்திரிகைப் பழம் (திராட்சை), கேக்குக்குப் போடும் முந்திரிகை வற்றல், வெங்காயம், உள்ளி, அவித்த கோழி எலும்பு இவை எதுவும் வேண்டாம்.

கொடுக்கும் நேரம் பிந்தக்கூடாது. அவன் திரும்பிப் பார்த்த அந்தக் கணத்தில் ஒரு சின்னச் சத்தம், பிறகு ஈரல். நீங்கள் பையைத் திறந்து தேடி எடுப்பதற்குள் அவன் மறுபடி ஆட்டைப் பார்த்துவிட்டால், ஆட்டைப் பார்த்ததற்குக் கூலி கொடுத்ததாகிவிடும். சத்தம்தான் "இதுதான், இந்த நொடிதான்" என்று குறித்துவைக்கிறது. நாக்கை மேலண்ணத்தில் தட்டி "டொக்" என்று ஒலி எழுப்பினால் போதும். முதலில் வீட்டுக்குள் இருந்து, "டொக்", ஒரு துண்டு, "டொக்", ஒரு துண்டு என்று சில தடவை செய்யுங்கள். சத்தம் கேட்டதும் உங்கள் கையைத் தேடத் தொடங்குவான். அப்போது சத்தம் வேலைக்குத் தயார்.

பாண் ஓட்டோவில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் அது சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்துக்கு, பாட்டோடு வருகிறது. இதைவிட வசதியான பயிற்சிச் சாமான் காசு கொடுத்தாலும் கிடைக்காது. பாட்டு உங்களுக்குக் கேட்பதற்கு முன்னமே டைகருக்குக் கேட்கிறது. பாட்டு இரண்டு ஒழுங்கை தள்ளி மெல்லக் கேட்கும்போதே வளவின் பின்பக்கத்தில் அவனோடு நில்லுங்கள். பாட்டுக் காதில் விழுந்தது, ஈரல் வந்தது. 'இரு' சொல்லவேண்டாம், எதையும் செய்யச் சொல்லவேண்டாம். பாட்டு நின்றால் ஈரலும் நிற்கும். உருசிய உடலியலாளர் பாவ்லோவ் நாய்களின் எச்சிலை வைத்துக் காட்டியது இதைத்தான். சில நாட்களில், பாட்டுக் கேட்டதும் ஊளையிடுவதற்குப் பதிலாக உங்களைத் திரும்பிப் பார்ப்பான். அந்தத் திரும்பல்தான் அத்திவாரம். அதைக் கண்ட பிறகு மட்டும் ஒவ்வொரு நாளும் ஓரிரு அடி கேற்றுக்குக் கிட்டப் போங்கள். பாட்டைப் போனில் பதிந்து மெல்லிய சத்தத்தில் போட்டுப் பழக்கினாலும் உதவும். ஆனால் போன் பாட்டுக்கு அமைதியாக இருந்தவன் ஓட்டோவுக்கும் அப்படியே இருப்பான் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மீன்காரரின் பைக் வேறு கதை. துரத்துவதுதான் அங்கே அவனுக்குக் கிடைக்கும் பரிசு, நீங்கள் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. அவனுடைய கணக்கில், குரைத்தேன், ஓடினேன், பைக் பயந்து ஓடிப்போயிற்று. ஒவ்வொரு காலையும் வெற்றி. இப்படி நாள்தோறும் கிடைக்கும் வெற்றிக்கு எதிராக எந்த ஈரலும் நிற்காது. ஆகவே பயிற்சி நடக்கும் காலத்தில் ஒரு தடவைகூடத் துரத்தவிடக்கூடாது. மீன்காரர் வரும் நேரத்தில் கேற் பூட்டியிருக்கவேண்டும், அல்லது கயிறு உங்கள் கையில் இருக்கவேண்டும். மீன்காரரிடமும் ஒரு சொல் சொல்லிவையுங்கள். நிறுத்தி இறங்கி நின்றால் துரத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் போகும். பலர் சந்தோசமாக உதவுவார்கள், பைக்கில் இருந்து விழ யாருக்கும் விருப்பம் இல்லை.

கயிறு பற்றி. கழுத்துப் பட்டியில் நீளக் கயிறு கட்டாதீர்கள், ஓடிப்போய் இழுபடும்போது கழுத்தை நொடிக்கும். நெஞ்சைச் சுற்றி வரும் பட்டியை வாங்குங்கள், கடையில் ஹார்னஸ் என்று கேட்டால் தருவார்கள். அதன் முதுகு வளையத்தில் ஐந்து தொடக்கம் பத்து மீற்றர் கயிறு. கடற்றொழில் சாமான் கடையில் வாங்கலாம், ஆனால் மெல்லிய நைலோன் கயிறு கையை அறுத்துவிடும். விரல் தடிப்பில் எடுங்கள், கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். இழுத்தால் தானாக நீளும் பெட்டிக் கயிறு இந்த வேலைக்கு உதவாது, எந்நேரமும் இழுத்தால்தான் நீளும் என்பதையே அது நாய்க்குச் சொல்லிக்கொடுக்கும்.

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இனித்தான். கவனத்தைக் கலைக்கும் சாமானை எல்லோரும் எதிரியாகப் பார்க்கிறார்கள், ஈரலைக் காட்டி அதை மறக்கவைக்கப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த வழி அரைவாசிதான் சரி. டேவிட் பிரமாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இல் ஒன்றை எடுத்துக் காட்டினார்: ஓர் உயிர் தானாக அதிகம் செய்ய விரும்பும் செயலை, அது அவ்வளவாக விரும்பாத செயலுக்குப் பரிசாக வைக்கலாம். பாடம் படித்தால் விளையாடப் போகலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் அம்மாமாருக்கு இது புதிது அல்ல. டைகர் வேலியோரம் மணக்க இழுக்கிறானா? நில்லுங்கள். கயிறு தளர்ந்து அவன் உங்களைத் திரும்பிப் பார்த்ததும் "டொக்", உடனே "போ, மண" என்று சொல்லி அந்த வேலிக்கே கூட்டிப்போங்கள். ஈரல் கொடுக்கவேண்டாம், வேலிதான் ஈரல். மனித மூக்கில் வாசம் பிடிக்கும் கலங்கள் சில பத்து இலட்சம் என்றால் நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல். ஒரு மதில் மூலையை இரண்டு நிமிடம் மணக்கவிடுவது அவனுக்குப் பெரிய சம்பளம், உங்களுக்குச் செலவு இல்லை. காகத்தைத் துரத்த ஆசையா? கூப்பிட்டதும் வந்தால், ஆபத்து இல்லாத இடத்தில், நீளக் கயிற்றோடு, "ஓடு" என்று விடுங்கள். சில வாரத்தில் காகத்தைக் கண்டால் முதலில் உங்களைப் பார்ப்பான், அனுமதி கேட்பதற்கு. அப்போது கவனத்தைக் கலைத்த காகமே உங்களைப் பார்க்கச் சொல்லும் சைகையாக மாறிவிட்டது.

ஆட்டுக்கு இதைச் செய்யாதீர்கள். துரத்துவதைப் பரிசாகக் கொடுக்கக்கூடாத உயிர்கள் ஆடு, கோழி, பூனை, மாட்டுக் கன்று. அங்கே தூரமும் ஈரலும் மட்டும்தான், கயிறு என்றைக்கும் கழறக்கூடாது. எவ்வளவு நன்றாகப் பழக்கிய நாயாக இருந்தாலும் ஓடுகிற ஆட்டுக்கு முன்னால் கயிறில்லாமல் விட்டு அதன் புத்தியை நம்புகிறவன் நான் இல்லை. ஆடு செத்தால் காசு கட்டுவது நீங்கள், பிறகு நஞ்சு வைத்த இறைச்சி டைகருக்கு வரும். நம் பக்கத்தில் அது நடக்காத கதை அல்ல.

கூப்பிடுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். "டைகர், டைகர், டேய், இஞ்ச வா, வாடா!" என்று வீட்டில் நாலு பேரும் நாள் முழுக்கக் கத்தியிருப்பீர்கள். குளிக்கவார்க்கவும், கட்டிப்போடவும், செருப்பைக் கடித்ததற்கு ஏசவும் அதே "இஞ்ச வா". அந்தச் சொல் அவனுக்கு இப்போது வெறும் சத்தம், அல்லது அதைவிட மோசமாக, ஓடவேண்டும் என்ற எச்சரிக்கை. அதை விட்டுவிட்டுப் புதுச் சொல் ஒன்று வையுங்கள். வீட்டுப் பேச்சில் வராத சொல்லாக இருக்கட்டும். "மீன்" என்று வைத்தால் மீன்காரரும் நின்றுவிடுவார். அந்தச் சொல்லை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், வந்தால் ஒன்றுக்குப் பதிலாக ஐந்தாறு துண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள், பிறகு விளையாடத் திருப்பி விடுங்கள். கூப்பிட்டு வந்ததும் கயிறு மாட்டி வீட்டுக்கு இழுத்துப்போனால் வந்ததற்குத் தண்டனை. பத்தில் எட்டுத் தடவையாவது மறுபடி விடுதலை கிடைக்கவேண்டும். அவன் வரமாட்டான் என்று உங்களுக்கே தெரியும் இடத்தில் அந்தச் சொல்லைச் செலவழிக்காதீர்கள், போய்ப் பிடித்து வாருங்கள்.

கடற்கரைக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் "விடு" என்ற ஒன்றைக் கட்டாயம் பழக்குங்கள். கரைவலை இழுத்து முடிந்த இடத்தில் கழித்துப்போட்ட மீன்கள் மணலில் கிடக்கும். அதில் பந்து போல ஊதும் பேத்தை மீனும் இருக்கும். பேத்தையின் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் உள்ள டெட்ரோடொடொக்சின் என்ற நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை, சமைத்தாலும் வெயிலில் காய்ந்தாலும் போகாது. வாய் தடுமாறி, கால் தள்ளாடி, மூச்சு நின்றுவிடும். அப்படி ஏதாவது விழுங்கியது தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். "விடு" பழக்குவது கடினம் இல்லை. மூடிய கைக்குள் பிஸ்கற். மணப்பான், நக்குவான், பிறாண்டுவான், நீங்கள் பேசாமல் இருங்கள். மூக்கை எடுத்த கணத்தில் "டொக்", மற்றக் கையில் இருந்து ஈரல். மூடிய கையில் இருப்பதை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பிறகு திறந்த கை, பிறகு நிலத்தில் வைத்து உங்கள் பாதத்தால் மறைத்து, பிறகு மறைக்காமல், பிறகு கயிற்றோடு நடந்து தாண்டிப்போய். விட்டதைவிட நல்லது கிடைக்கும் என்பதை அவன் நம்பவேண்டும், அந்த நம்பிக்கைதான் முழுப் பாடமும். வாயில் எடுத்துவிட்டதைப் பறிக்கப் பாய்ந்தால் அவசரமாக விழுங்கத்தான் பார்ப்பான்.

அடியைப் பற்றி உங்கள் கணவருக்கு. அடித்தால் அந்த நேரம் நிற்பான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்ன படித்திருப்பான்? பைக் வரும்போது நோகிறது. அடுத்த தடவை பைக்கைக் கண்டால் ஆசையோடு பயமும் சேரும், பயந்த நாய்தான் கடிக்கும். உறுமியதற்கு அடித்தால் உறுமாமல் கடிக்கப் பழகும். போர்த்துக்கலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றில், தண்டித்துப் பழக்கும் இடங்களுக்குப் போன நாய்கள் பயிற்சியின்போது உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, ஒடுங்குவது போன்ற அவதி அறிகுறிகளை அதிகம் காட்டின. பயிற்சி முடிந்தபின் எச்சிலில் அளந்த கோட்டிசோலும், அதாவது உடம்பு அவதிப்படும்போது கூடும் சுரப்பும், அவற்றுக்கு அதிகமாக ஏறியிருந்தது. பரிசால் மட்டும் பழகிய நாய்களிடம் அவ்வளவு காணப்படவில்லை. உங்கள் கணவர் நாயை வெறுப்பவர் அல்ல என்று எழுத்திலேயே தெரிகிறது, ஒழுங்கையில் மானம் போகிறது என்பதுதான் அவருக்குப் பிரச்சினை. ஈரல் பையை அவர் இடுப்பில் கட்டிவிடுங்கள். கூலி கொடுப்பவரின் சொல்லை நாய் கேட்பதைக் கண்டால் மனிதர் கெதியாகக் கட்சி மாறுவார்.

உங்கள் ஊர் மருதமுனையோடும் கல்முனையோடும் ஒட்டி இருப்பதால் இன்னொன்று. நம் முஸ்லிம் அயலவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் அந்த இடத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால், கழுவவேண்டும் என்பது அவர்களுடைய முறை. தொழுகைக்கு வெள்ளை உடுப்போடு போகிறவரின் சாரத்தில் டைகர் பாசமாக மூக்கை வைத்தாலும் அவர் வீட்டுக்குத் திரும்பவேண்டி வரலாம். "ஒன்றும் செய்யமாட்டான்" என்று நீங்கள் சொல்வது அவருக்கு உதவாது. யாராவது எதிரே வந்தால் ரோட்டின் ஓரத்துக்கு ஒதுங்கி, உங்கள் காலுக்கு மற்றப் பக்கம் அவனை இருத்தி, ஆள் கடந்து போகும்வரை துண்டு துண்டாகக் கொடுங்கள். ஆள் வந்தால் ஓரத்தில் இருப்பது என்பது இரண்டு மாதத்தில் பழக்கமாகிவிடும். நாய்க்குப் பயந்த பிள்ளைகளுக்கும் இதே மரியாதைதான்.

கட்டாக்காலிகள் சூழ்ந்தால் ஈரலை நிலத்தில் எறியவேண்டாம், சண்டை மூளும். கயிற்றை இறுக்கிப் பிடிக்காமல், எட்டத்தில் கண்டவுடனே வளைந்து அல்லது திரும்பி நடவுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி வருடம்தோறும் போட்டிருக்கவேண்டும் என்று சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். உங்களையோ பிள்ளைகளையோ எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், சவுக்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

திருவிழாவைப் பயிற்சியோடு சேர்க்காதீர்கள். திரௌபதை அம்மன் கோவிலில் 18 நாள் ஒலிபெருக்கி, பறை, சனம், தீ மிதிக்கும் தீப்பள்ளயம் அன்றைக்கு அள்ளுகொள்ளையாக ஆட்கள். டைகரின் வயதில் அது பாடம் படிக்கும் இடம் அல்ல. வெடிக்குப் பயப்படும் நாயைக் கூட்டத்துக்குள் கொண்டுபோய்ப் பழக்குவது பயத்தை ஆழமாக்கும். உள்ளறையில், யன்னலைச் சாத்தி, காற்றாடியையோ ரேடியோவையோ போட்டு, கடிக்க ஏதாவது கொடுத்து விடுங்கள். கிட்ட வந்து ஒட்டினால் தடவிக்கொடுங்கள். தடவினால் பயம் கூடும் என்று சொல்கிறார்கள், அது பிழை. திருவிழாவுக்கு இன்னும் சில வாரம் இருந்தால் பறைச் சத்தத்தைப் போனில் மிக மெதுவாகப் போட்டு, பாண் ஓட்டோவுக்குச் செய்தது போல ஈரலோடு சேர்த்துப் பழக்கத் தொடங்கலாம்.

எவ்வளவு காலம் ஈரலோடு திரிவது என்பதுதான் அடுத்து வரும் கேள்வி. 'இரு', நடப்பது போன்றவற்றுக்கு, ஓர் இடத்தில் நம்பகமாகச் செய்யத் தொடங்கியதும், சிலதுக்கு ஈரல், சிலதுக்கு வேலி மணப்பது, சிலதுக்கு வாய்ச்சொல் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். எது எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பது அவனை உசாராக வைத்திருக்கும். ஒரேயடியாக நிறுத்தினால் சில நாள் கூடக் கத்திப் பார்த்துவிட்டு வேலையை விட்டுவிடுவான். கூப்பிட்டால் வருவதற்கு மட்டும் நான் ஆயுள் முழுக்கக் கூலி கொடுப்பேன். லொறிக்கு முன்னால் ஓடும் நாயை நிறுத்தப்போவது அந்த ஒன்றுதான், அதில் மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வராது. கிட்டப் போவது, நேரத்தைக் கூட்டுவது, புதுக் குழப்பத்தைச் சேர்ப்பது, இந்த மூன்றில் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் கூட்டுங்கள். அடுத்தடுத்து இரண்டு தடவை பிழைத்தால் பழைய இடத்துக்குப் பின்வாங்கி, ஓர் இலகுவான வேலை கொடுத்து, கூலியும் கொடுத்து அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

கிளிக்கர் வாங்கத் தேவையில்லை. அது "டொக்" என்ற அதே சத்தத்தைப் போடும் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பெட்டி. சத்தம் எப்போதும் ஒரே மாதிரி வரும், அதுதான் அதன் நன்மை. ஆனால் ஒரு கையில் கயிறும் மறு கையில் ஈரலும் இருக்கும்போது அதை அமத்த மூன்றாவது கை வேண்டும். அந்தக் காசுக்கு நல்ல ஹார்னஸ் வாங்குங்கள். டைகரின் நெஞ்சை நூலால் அளந்து கொண்டுபோங்கள், இரண்டு விரல் உள்ளே போகும் இடம் விட்டு.